ஒல்லிக்கு வெள்ளை, தடியனுக்குச் சிவப்பு

ஜெயப்பிரியாவின் வலது கன்னம் எப்படி இருக்கும் என்று வேல்ராஜுக்குத் தெரியாது.

கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணின் ஒரு கன்னத்தை மட்டும் பார்த்துவிட்டு இன்னொன்றைப் பார்க்காமல் எப்படி இருக்க முடியும் என்று கேட்பீர்கள். பெண் பார்க்கப் போன அன்று குனிந்த தலையை அவன் நிமிர்த்தவே இல்லை. கேசரியில் எத்தனை முந்திரி கிடந்தது என்று கேட்டால் சொல்வான், அவ்வளவுதான். அப்புறம், "பேசிப் பழகிக்கிறட்டும்" என்று பெரியவர்கள் பெருந்தன்மையாக வீடியோ காலுக்கு உத்தரவு கொடுத்தார்கள். அதற்குள் அவனுடைய போன் மிளகாய் வத்தல் மூட்டைக்கு அடியில் சிக்கி, திரையில் பாதி கறுத்துச் செத்துப்போயிருந்தது.

தினமும் சாயங்காலம் தேவிபட்டினத்திலிருந்து ஒரு கண்ணும் ஒரு காதும் அரை மூக்கும் அவனோடு பேசின. அந்த அரை முகத்துக்கே அவன் சொக்கிப்போய்க் கிடந்தான்.

"என்ன, பேசாமப் பாத்துக்கிட்டே இருக்கீக?" என்றாள் ஜெயப்பிரியா.

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் அந்தப் பக்கமாத் திரும்புங்களேன்."

திரும்பினாள். இப்போது காது மட்டும் தெரிந்தது.

"சரி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

பாவம், தள்ளிப்போய் உட்கார்ந்தாள். அரை முகம் கால் முகமாகச் சிறுத்தது. போன் உடைந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் உடைந்த போன் வைத்திருக்கிறவனுக்குப் பெண் கொடுப்பார்களா என்று அவனுக்கு ஒரு பயம். வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு வீடும் முடிவு சொல்லிவிட வேண்டும், அடுத்த முகூர்த்தத்தில் பூ வைத்துவிடலாம் என்று பேச்சு. பூ வைக்கிற அன்றைக்கு அவளுடைய முழு முகத்தைத் தன் கையால் ஒரு படம் எடுக்க வேண்டும். இதற்கு மேல் உலகத்தில் வேறு ஆசை எதுவும் அவனுக்கு இல்லை.

அம்மா சேதுலட்சுமி கறாராகச் சொல்லிவிட்டாள். "வத்தல் விக்கிற காசுல பதினெட்டாயிரம் உன் செல்லுக்கு. அதுக்கு மேல ஒரு ரூவா கேட்டேன்னு வையி, உனக்குக் கல்யாணமும் இல்ல, காது குத்தும் இல்ல."

ராமநாதபுரத்தில் ரிஃபாய் பாயின் கடைக்குப் போனான். பாய் இரண்டு போன்களை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"மாப்ள, உங்க காசுக்கு இந்த ரெண்டுதான். இது ஒல்லி. கேமரா சும்மா அள்ளும். இதுல படம் எடுத்தா அசல் ஆளே பொறாமைப்படுவாக. ஆனா சார்ஜு நிக்காது, கொஞ்சம் சூடேறும். இது தடியன். ரெண்டு நாளைக்கிச் சார்ஜு போடவே வேணாம். கீழ விழுந்தா தரைக்குத்தான் அடிபடும். ஆனா படம் எடுத்தா, எல்லாரும் ரேசன் கார்டுல இருக்க மாதிரி இருப்பாக."

"ரெண்டும் சேந்தாப்புல ஒண்ணு இல்லையா பாய்?"

"இருக்கே. அதுக்கு வத்தலோட சேத்து நெலத்தையும் விக்கணும்."

வேல்ராஜ் ஒல்லியை எடுத்தான், வைத்தான். தடியனை எடுத்தான், வைத்தான். யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு முதுகுளத்தூர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான்.

வெளியே பனை மரங்களும் கருவேலங்காடும் ஓடின. அவன் கண்ணுக்கு அவை தெரியவில்லை. கல்யாணமாகி அவனும் ஜெயப்பிரியாவும் தனுஷ்கோடி மணலில் நடந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் கடல். அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்கிறாள். காற்று முந்தானையைப் பிடித்து இழுக்கிறது. அவன் ஒல்லியைத் தூக்கிப் படம் எடுக்கிறான். அப்படி ஒரு படம் அந்த ஜில்லாவிலேயே யாரும் எடுத்ததில்லை. இன்னொன்று எடுக்கப் போகிறான், சார்ஜ் போய்விட்டது. சரி என்று கனவை மறுபடியும் பாம்பன் பாலத்திலிருந்து ஆரம்பித்து, இந்தத் தடவை கையில் தடியனை வைத்துக்கொண்டான். சார்ஜ் போகவில்லை. ஆனால் ஜெயப்பிரியா ரேசன் கார்டில் இருந்தாள்.

இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டி மூன்று கல் போன பிறகுதான் விழித்துக்கொண்டான்.

மறுநாளும் கடைக்குப் போனான். அதற்கு மறுநாளும் போனான். ரிஃபாய் பாய் நல்ல மனிதர், கோபப்படவில்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பொண்ணு எடுக்குறதுக்குக்கூட யாரும் இத்தனை நடை நடக்க மாட்டாக மாப்ள. ரெண்டுலயும் ஒவ்வொண்ணுதான் கையில இருக்கு. வியாழக்கிழமை வரைக்கும் வச்சிருக்கேன். அதுக்கப்புறம் அல்லா விட்ட வழி."

யாரையாவது கேட்டால் தேவலை என்று தோன்றியது. யாரைக் கேட்பது? நாளைக்கு அந்தப் போனில் தெரியப் போகிற முகத்தையே கேட்டுவிடலாம். ஆனால் போன் விஷயம் அவளுக்குத் தெரியக் கூடாது. ஆகவே சுற்றி வளைத்துக் கேட்டான்.

"ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். பாக்க லட்சணமா இருக்குறது முக்கியமா, ரொம்ப நாளைக்கி நின்னு ஒழைக்கிறது முக்கியமா?"

அரை முகம் அசையாமல் நின்றது. நெட் போய்விட்டதோ என்று வேல்ராஜ் போனை உலுக்கினான்.

"இதை எதுக்கு எங்கிட்ட கேக்குறீக?" என்றாள் மெதுவாக. "யாராச்சும் ஏதாச்சும் சொன்னாகளா?"

"யாரும் எதுவும் சொல்லல. சும்மா கேட்டேன். ரெண்டும் ஒரே வெல… ரெண்டும் ஒரே மாதிரின்னு வச்சுக்கங்க. எதை எடுக்குறது?"

அந்த ஒற்றைக் கண் கீழே பார்த்தது. "அதான் எனக்கும் தெரியல" என்றாள். போன் கட்டாகிவிட்டது.

பெண்ணுக்கும் தெரியவில்லை, கடைக்காரருக்கும் தெரியவில்லை. இனி ஆத்தாள்தான் சொல்ல வேண்டும்.

அவன் ஊர்க் காளியம்மன் கோயிலில் பூக் கேட்கிற வழக்கம் உண்டு. சிவப்பு அரளி ஒன்று, வெள்ளை அரளி ஒன்று. இரண்டையும் தனித்தனியாக வாழையிலையில் பொட்டலம் கட்டி, பூசாரி ஆத்தாள் காலடியில் போட்டுக் குலுக்குவார். காரியத்தை மனதுக்குள் நினைத்துக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் உத்தரவு. வெள்ளை வந்தால் வேண்டாம். இந்தக் கணக்கு ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். வேல்ராஜுக்கும் தெரியும்தான். ஆனால் மூன்று நாளாகக் கனவிலேயே குடியிருந்தவனுக்குத் தனிக் கணக்கு ஒன்று உருவாகியிருந்தது.

"வாய் விட்டுச் சொல்லக் கூடாது" என்றார் பூசாரி கூத்தையா. "மனசுல நெனச்சாப் போதும். ஆத்தாளுக்குக் கேக்கும்."

வேல்ராஜ் கண்ணை மூடினான். எட்டுக் கையிலும் ஆயுதத்தோடு நிற்கிறவளிடம் போய் கேமராவா பேட்டரியா என்று கேட்கிறோமே என்று கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கேட்டான். ஆத்தா, ஒல்லின்னா வெள்ளை. தடியன்னா செவப்பு.

எடுத்தான். பிரித்தான். வெள்ளை.

அவன் மனதுக்குள் தனுஷ்கோடிக் கடல் தளும்பியது. "ரொம்பச் சந்தோசம் ஆத்தா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். கூத்தையா அவனை ஒரு மாதிரி பார்த்தார். விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த அடுத்த வீட்டுப் பாண்டியம்மாள் எண்ணெயைக் கீழே ஊற்றிவிட்டாள்.

அவன் ஆற அமர நடந்து வீட்டுக்கு வருவதற்குள் சேதி வந்து சேர்ந்திருந்தது. களம் முழுக்க முண்டு வத்தல் சிவப்பாய்க் காய்ந்துகொண்டிருக்க, சேதுலட்சுமி நடுவில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏலே, வெள்ளையாமே?"

"ஆமாம்மா!" என்றான் மலர்ந்த முகத்தோடு.

"பல்லைக் காட்டுறதப் பாரு! அந்தப் புள்ளைக்கி என்னலே கொறச்சல்? பிடிக்கலைன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஆத்தாகிட்டப் போய்க் கேட்டு, அவ வேணாம்னு சொல்ற அளவுக்குக் கொண்டுபோய்ட்டியே!"

அப்போதுதான் வேல்ராஜுக்குச் சுரீர் என்றது. கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டுப் பையன் கோயிலில் பூக் கேட்டால் ஊர் எதை நினைக்கும்? போனையா நினைக்கும்? உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால், செல்லுக்குப் பூக் கேட்ட வேல்ராஜ் என்று அவன் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் பட்டப்பெயர் நிலைத்துவிடும்.

"ஐயோ, அது கல்யாணத்துக்கு இல்லம்மா" என்றான் அவசரமாக. "வந்து… வத்தலை இப்ப வித்துரலாமான்னு கேட்டேன்."

சேதுலட்சுமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையை இறக்கிய வேகத்தில் வத்தல் வாங்குகிற யாவாரிக்குப் போன் போட்டாள். "தராசெல்லாம் தூக்கிட்டு வந்துறாதீக. ஆத்தா உத்தரவு இல்ல. இப்போதைக்கி வத்தலை விக்கல."

வேல்ராஜ் கணக்குப் போட்டுப் பார்த்தான். வத்தல் விற்கவில்லை என்றால் பதினெட்டாயிரம் இல்லை. பதினெட்டாயிரம் இல்லை என்றால் ஒல்லியும் இல்லை, தடியனும் இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

வத்தலை விற்க ஆத்தாளிடமே திரும்ப உத்தரவு வாங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. மறுநாள் காலையில் மறுபடியும் கோயிலுக்குக் கிளம்பினான். இந்தத் தடவை அம்மாவும் கூட வந்தாள். வேல்ராஜ் பயபக்தியோடு கண்ணை மூடி, கனவு எதுவும் குறுக்கே வராமல் பார்த்துக்கொண்டு, வத்தலை மட்டுமே நினைத்து எடுத்தான். சிவப்பு வந்தது.

"வந்துருச்சு! யாவாரிக்குப் போன் போடுங்கம்மா!"

"இப்ப என்னலே கேட்ட?"

"வத்தலை விக்கலாமான்னுதான்."

கூத்தையா கையை உயர்த்தினார். "இருப்பா. ஒருதரம் கேட்டதையே திருப்பிக் கேட்டா ஆத்தா பதில் சொல்ல மாட்டா. பொட்டலத்துல பூவே வாடிப்போகும். இது எங்க பாட்டன் காலத்துல இருந்து கண்டது. இந்தப் பூவைப் பாரு, இப்பத்தான் பறிச்ச மாதிரி இருக்கு."

சேதுலட்சுமி பூவைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். அவள் பள்ளிக்கூடம் அதிகம் போனவள் இல்லை. ஆனால் வக்கீலுக்குப் படித்திருந்தால் ராமநாதபுரம் கோர்ட்டே அவளைக் கண்டு நடுங்கியிருக்கும்.

"அப்ப நேத்து நீ கேட்டது வத்தல் இல்ல."

"ஆமா… நேத்துக் கேட்டது வேற" என்று உளறினான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். "அது ஒரு சின்ன விசயம்மா."

"கல்யாணம் உனக்குச் சின்ன விசயமாலே?"

சன்னிதியில் நின்றுகொண்டு, ஆத்தாளிடம் போன் தேர்ந்தெடுக்கச் சொன்னேன் என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. எழுந்திருந்தாலும் கேட்க அங்கே அம்மா இல்லை. விறுவிறுவென்று வீட்டுக்குப் போய் நல்ல சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"கெளம்பு. தேவிபட்டினம் போறோம். வேணாம்னு சொல்றதா இருந்தாலும் அவுக வாசல்ல போய்ச் சொல்லணும். ஒரு பொம்பளப் புள்ளையைப் போன்ல வேணாம்னு சொல்ற குடும்பம் இல்ல நாம."

பஸ்ஸில் வேல்ராஜ் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. இப்போது அவனுக்கு ஒல்லியும் வேண்டாம், தடியனும் வேண்டாம். அந்த அரை முகம் மட்டும் போதும். பாதி செத்த போனையே ஆயுசுக்கும் வைத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் அந்த ஒற்றைக் காதைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அவனுக்குச் சம்மதம்தான். பட்டப்பெயர் வந்தால் வரட்டும் என்று துணிந்தான்.

"அம்மா, ஒண்ணு சொல்றேன். அது வந்து, செல்லு…"

"செல்லாது!" என்றாள் சேதுலட்சுமி. "இனிமே உன் பேச்சு எதுவும் எங்கிட்ட செல்லாது."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அதற்கப்புறம் அவன் வாயைத் திறக்கவில்லை.

தேவிபட்டினத்தில் இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. கடல் அலையில்லாமல், தூக்கக் கலக்கத்தில் இருக்கிற மாதிரி கிடந்தது. தண்ணீருக்கு நடுவில் நவபாஷாணக் கற்களைச் சுற்றி யாரோ குடும்பத்தோடு கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாமி கும்பிட வருகிறவர்களுக்கு நவதானியம் விற்கிற கடைதான் ஜெயப்பிரியாவின் அப்பா மூக்கையாவுக்கு. கடையும் வீடும் ஒன்றுதான்.

"வாங்க தங்கச்சி, வாங்க மாப்ள" என்று எழுந்தவர், சேதுலட்சுமியின் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணே, மன்னிச்சுக்கிருங்க" என்றாள் சேதுலட்சுமி. கண்ணில் நீர் முட்டியது. "எனக்கு உங்க புள்ளை மேல உசிரு. ஆனா இவன் ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப்புட்டான். வெள்ளை வந்துருச்சு."

கையில் அள்ளியிருந்த எள்ளைக் கொண்டைக்கடலைச் சாக்கில் கொட்டினார் மூக்கையா. உள்ளேயிருந்து பாத்திரம் ஒன்று கீழே விழுகிற சத்தம் கேட்டது. ஜெயப்பிரியா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

வேல்ராஜ் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான். சாயங்கால வெளிச்சம் அவள் மேல் முழுசாக விழுந்திருந்தது. வலது கன்னம் இடது கன்னம் மாதிரியேதான் இருந்தது. ஆனால் இரண்டும் சேர்ந்தபோது அது அவன் போனில் பார்த்த முகமாக இல்லை, கனவில் பார்த்த முகமாகவும் இல்லை. அவன் தனியாக உட்கார்ந்து எத்தனை வருஷம் கனவு கண்டிருந்தாலும் இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டான். அவள் கண் கலங்கியிருந்தது.

"மாமா, நான் பொண்ணுக்குப் பூக் கேக்கல!" என்று கத்தினான். தெருவில் போன இரண்டு பேர் நின்றார்கள். நிற்கட்டும். "நான் செல்லுக்குப் பூக் கேட்டேன்!"

"எதுக்கு?" என்றார் மூக்கையா.

"செல்லுக்கு மாமா. செல்போனு. ஒல்லிய வாங்குறதா தடியனை வாங்குறதான்னு முடிவு பண்ண முடியல. ஒல்லிக்கு வெள்ளை, தடியனுக்குச் செவப்புன்னு நெனச்சு எடுத்தேன். வெள்ளை வந்துச்சு. அது ஒல்லி மாமா! ஆத்தா ஒல்லியத்தான் சொன்னா. உங்க புள்ளையைப் பத்தி நான் ஆத்தாகிட்டக் கேக்கவே இல்ல. அதுல எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லையே, எதுக்குக் கேக்கணும்?"

சேதுலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்தினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. கடைசியில் இரண்டும்தான் என்று தெரிந்தது.

"காளியாத்தாகிட்டயா?" என்றார் மூக்கையா. "அந்த எட்டுக் கை ஆத்தாகிட்டயா செல்லுக்குப் பூக் கேட்டீக?"

"ஆமா மாமா."

மூக்கையாவுக்கு வயிறு குலுங்கத் தொடங்கியது. பக்கத்திலிருந்த நவதானியமும் சேர்ந்து குலுங்கியது. "சரி, கடைசியில அந்த ஒல்லிய வாங்குனீகளா?"

"எங்க மாமா? வத்தலே இன்னும் விக்கல."

எல்லோரும் சிரித்தார்கள், ஜெயப்பிரியாவைத் தவிர. அவள் முகம் களத்து வத்தலாகச் சிவந்துபோயிருந்தது. வேல்ராஜை ஒரு தடவை பார்த்தாள். சட்டென்று திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வேல்ராஜுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. போச்சு என்று நினைத்தான். ஆத்தாள் மன்னித்துவிட்டாள், அம்மா மன்னித்துவிட்டாள், இவள் மன்னிக்கவில்லை. சாமியிடம் போன் கேட்கிற மடையனோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்று உள்ளே உட்கார்ந்து அழுகிறாளோ என்னவோ. கொண்டைக்கடலைச் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

அப்போது ஜெயப்பிரியாவின் தங்கச்சி சிநேகா காபியோடு வந்தாள். பெரியவர்கள் நல்ல நாள் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அவர்கள் காதில் விழாமல், டம்ளரை நீட்டிக்கொண்டே அவனிடம் குனிந்து சொன்னாள்:

"அது கோவமில்ல மச்சான், வெக்கம், உங்களையும் பரமக்குடியில இருந்து பொண்ணு கேட்டு வந்த இன்னொரு மாப்பிள்ளையையும் வச்சு எங்க அக்காவும் வீட்டுச் சாமிகிட்டப் பூக் கேட்டுச்சு, மூணு தடவையும் அவரு பூவே வந்துச்சுன்னு நாலாந்தடவை ரெண்டு பொட்டலத்துலயும் உங்க பூவையே வச்சுக் கட்டிருச்சு!"